மூடா ஆற்றங்கரைச் செம்பனைத் தோட்டத்தில் பழைய ஓடுகள்: தோண்டாமல் எப்படி ஆய்வது?

தென்கரைக்காரன்:

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை வடக்கில், மூடா ஆற்றின் தென்கரையில், கடலிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே 6 ஹெக்டர் செம்பனை (எண்ணெய்ப் பனை). 200 மீ. அகலம், 300 மீ. நீளம். கிழ மரங்கள், ஐந்து மாதத்தில் வெட்டி மறுநடவு. தெற்கு ஓரத்துப் பாரிட்டை (வடிகாலை) ஆழப்படுத்தியபோது வெளியே போட்ட மண்மேட்டில் பச்சைப் பூச்சு ஓடுகள் (உடைந்த பாண்டத் துண்டுகள்), செங்கல் துண்டுகள், எள்ளளவு சிவப்பு மணி இரண்டு கிடைத்திருக்கின்றன. ஆற்றைத் தாண்டினால் கெடாவில் கோத்தா கோலா மூடா, சுங்கை மாஸ். சுங்கை மாஸ் கடாரத்தின் பழைய துறைகளில் ஒன்று என்பதால் இதைச் சும்மா விட மனமில்லை.

தோட்டக்காரர் நடந்து பார்க்கச் சம்மதித்துவிட்டார். எட்டுப் பேர் இருக்கிறோம், மூன்று வார இறுதி கிடைக்கும். மூன்று சந்தேகம். செம்பனைக்குள் எப்படிக் கோடு பிடித்து நடப்பது, எதை எண்ணுவது? தரை ஊடுருவும் ரேடார் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. கையிலிருக்கும் காசு அதோடு தீரும், எடுக்கலாமா? கை ஆகரால் (மண்ணில் திருகித் துளையிடும் கருவி) நாங்களே துளை போட்டுப் பார்க்கலாமா?

ஓட்டுச்சில்லு:

கடைசிக் கேள்விக்கு முதலில். போடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், அதாவது சட்டம் 645, உரிமம் இல்லாத தொல்லியல் அகழ்வை அனுமதிப்பதில்லை. நிலக்காரர் தலையாட்டியது போதாது. ‘ஏழு சென்டிமீட்டர் துளைதானே’ என்று வாதாட வேண்டிய இடத்துக்கே போக வேண்டாம். கண்ணில் பட்டதை மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மண்மேட்டை இன்றே படமெடுத்து, இடத்தைக் குறித்து, தேசிய மரபுடைமைத் துறையான ஜபாத்தான் வாரிசான் நெகாராவுக்கு எழுதுங்கள். பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மின் தொல்லியல் ஆய்வு மையம் இருக்கிறது. கெடாவின் சுங்கை பத்து அகழ்வில் வேலை செய்தவர்கள் அவர்கள்தாம். நகலை அங்கேயும் அனுப்புங்கள். உரிமம் வந்தால் பிறகு ஆகரும் போடலாம், முறையாக.

இனி நடை. செம்பனையில் கோடு பிடிக்கக் கயிறே வேண்டாம், மரமே கட்டம். 9 மீ. முக்கோண நடவு என்றால் நிரைக்கு நிரை 7.8 மீ. ஒரு நிரை இடைவெளி பழம் சுமக்கும் பாதை, அடுத்தது மட்டை அடுக்கும் இடம். மட்டைக் குவியலுக்கு அடியில் ஒன்றும் தெரியாது, அதில் நேரம் போக்க வேண்டாம். ஆக உங்களுக்குக் கிடைப்பது சுமார் 15.6 மீட்டருக்கு ஒரு பாதை. 200 மீ. அகலத்தில் 13 பாதை, ஒவ்வொன்றும் 300 மீ., மொத்தம் 3.9 கி.மீ. 10 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் 390 துண்டு. இருவர் இருவராக நான்கு அணி. ஒரு துண்டுக்கு மூன்று நிமிடம் வைத்தால் அணிக்கு ஐந்து மணி நேரம். இரண்டு காலைப்பொழுதில் முடியும். மதியம் வேண்டாம். வெயில் உச்சிக்கு வந்தால் ஓட்டின் பூச்சும் ஈர இலையும் ஒரே மாதிரி மின்னும்.

ஒருவர் குனிந்து பார்க்க, மற்றவர் எழுத. பாதையில் 2 மீ. அகலம் மட்டும். எண்ண வேண்டியவை: மண்பாண்டம், பூச்சுள்ள ஓடு, செங்கல், இரும்புக் கசடு, கண்ணாடி. எடுக்கக் கூடாது. எண்ணி, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பலர் கோட்டை விடுவது எண்ணிக்கையோடு ‘மண் எவ்வளவு தெரிந்தது’ என்பதை எழுதாமல் விடுவதில். ஒரு துண்டு 20 சதுர மீட்டர். புல் மூடி கால்வாசிதான் மண் தெரிகிறது, மூன்று ஓடு கிடைத்தது என்றால், பார்த்தது 5 ச.மீ.; ஒரு ச.மீட்டருக்கு 0.6. அடுத்த துண்டில் மருந்தடித்து 90 விழுக்காடு மண் வெறிச்சென்று கிடக்கிறது, ஆறு ஓடு; பார்த்தது 18 ச.மீ., ஒரு ச.மீட்டருக்கு 0.33. ஆறு கிடைத்த இடத்தைவிட மூன்று கிடைத்த இடம்தான் அடர்த்தி. இதை எழுதாமல் வரைபடம் போட்டால் அது களைக்கொல்லி அடித்த வரைபடம், குடியிருப்பு வரைபடம் அல்ல. ஒன்றுமே கிடைக்காத துண்டையும் பூஜ்யம் என்று எழுதுங்கள். பார்க்காமல் விட்டதையும் பார்த்து ஒன்றும் இல்லாததையும் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இடக்குறிப்பு கைபேசி ஜிபிஎஸ்ஸில் மட்டும் வேண்டாம். மட்டைக் கூரைக்கு அடியில் 5 முதல் 10 மீ. வரை ஆடும். ‘நிரை 12, மரம் 7’ என்று எழுதுவது அதைவிடத் துல்லியம். ஆனால் மரத்தை வெட்டினால் கட்டமும் போய்விடும். அதற்குமுன் நான்கு மூலை மரங்களை மதகு, மின்கம்பம், எல்லைக்கல் ஆகியவற்றிலிருந்து நாடா பிடித்து அளந்து வையுங்கள். பழைய நிலவரைபடத்தை ஒப்பிடுவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அவை கெர்த்தாவ் என்ற பழைய நில அளவை அடிப்படையில் வரைந்தவை. கைபேசி காட்டும் எண்களை அப்படியே அதில் வைத்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும், அதாவது உங்கள் தோட்டத்தில் பாதி அகலம்.

காந்தமுள்:

ரேடாரை விடுங்கள். ஆற்றோரக் கடற்களிமண், அடியில் உப்புநீர். அலை அரை மீட்டர் போவதற்குள் செத்துவிடும். திரையில் அழகான பட்டைகள் வரும், எல்லாம் மேல்மண். பெர்மாத்தாங் என்னும் மணல் மேட்டின் மேல் என்றால் 400 மெகாஹெர்ட்ஸ் அலைவாங்கி 2 மீ. வரை காட்டக்கூடும். தோட்டத்துக்குள் மணல் மேடு இருக்கிறதா என்று தெரியாமல் காசு கட்டாதீர்கள்.

களிமண்ணில் செங்கல் அடித்தளம் தேட மின்தடை அளவீடு (முனைகளை ஊன்றி மண்ணில் மின்சாரம் செலுத்திப் பார்ப்பது) பொருந்தும். ஈரக் கடற்களிமண் 10 ஓம்-மீட்டருக்குக் கீழே நிற்கும். செங்கல், மணல், கல் எல்லாம் அதற்கு மேலே எழும். ஒரு மீட்டர் இடைவெளியில் 41 முனை ஊன்றினால் 40 மீ. கோடு, வென்னர் என்ற முனை அமைப்பில் ஏறத்தாழ 7 மீ. ஆழம் வரை தெரியும். உங்களுக்கு முதல் 2 மீட்டர் போதும் என்பதால் அரை மீட்டர் இடைவெளியில் குறுங்கோடுகள் போடுவது நல்லது. காய்ந்த பருவத்தில் முனை சரியாகக் கவ்வாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை உப்புத்தண்ணீர் ஊற்றி, தொடுதடையைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு ஊற்றிய தண்ணீர் ஒன்றாகக் கலந்தால் அளவீடே பாழ்.

காந்தமானி வேறு கதை. எரிந்த மண் காந்தத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு உலை நின்ற இடத்திலேயே எரிந்து நின்ற இடத்திலேயே ஆறியது. அதன் காந்தம் முழுக்க ஒரே திசை, குறி பலமாக வரும். சுவர் அப்படியில்லை. செங்கல் ஒவ்வொன்றும் சூளையில் ஒரு திசையில் காந்தமேறி, பிறகு சுவரில் கொத்தனார் கைக்கு வந்தபடி அடுக்கப்பட்டது. ஒன்றையொன்று அடித்துவிடும், குறி மங்கல். அதனால் காந்தமானியில் ஒன்றும் வரவில்லை என்று கட்டடமே இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல். பினாங்கு காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம், புவிக்காந்தம் இங்கே கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கிறது. ஐரோப்பியக் கையேட்டுப் படங்களில் புதைபொருளின் தெற்கே ஏற்றமும் வடக்கே சிறு இறக்கமும் வரும். இங்கே பொருளுக்கு நேர் மேலே இறக்கம், வடக்கிலும் தெற்கிலும் ஏற்றம். கையேட்டைப் பார்த்து ஏற்றத்தின் உச்சியில் முளை அடித்தால் குழி பொருளை விட்டு விலகி விழும்.

இரண்டு கருவிக்கும் சரியான நேரம் மரம் சாய்த்துத் துண்டாக்கிய பிறகு, உழவுக்கும் நடுகுழிக்கும் முன்னால். சில நாள்தான் கிடைக்கும், குத்தகைக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

புதையல்பிரியன்:

உலோகம் கண்டுபிடிக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. மண்மேட்டில் ஓட்டிப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடுமே? இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் இதுதான் என்றால் காசு கட்டாயம் இருக்கும்.

ஓட்டுச்சில்லு:

கருவி பீப் என்றதும் கை தோண்டும். அதோடு அந்தப் பொருள் எந்த அடுக்கில் இருந்தது என்ற ஒரே தகவலும் போய்விடும். சட்டப்படியும் வம்பு. தோட்ட மண்ணில் கருவி கத்துவது பெரும்பாலும் உரப்பை கட்டிய கம்பிக்கும் அரிவாள் துண்டுக்கும்தான்.

மெய்க்கீர்த்தியில் கடாரம் வருகிறது, உண்மை. அது ஒரு வெற்றிப்பட்டியல். எந்தப் பாரிட் ஓரம் என்று அதில் இல்லை. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிலேயே சுங்கை மாஸ், பெங்காலான் பூஜாங், சுங்கை பத்து மூன்றும் ஒரே காலத்து ஊர் அல்ல. ஆறு தூர்ந்து கரை நகர நகரத் துறையும் இடம் மாறியிருக்கிறது. ‘இதுதான் கடாரம்’ என்ற பலகையை முதலில் நட்டுவிட்டுச் சான்று தேடினால் கிடைக்கிற ஓடு எல்லாம் சோழன் காலத்து ஓடாகத்தான் தெரியும்.

மண்படிவம்:

தம்பி, நடப்பதற்கு முன் அந்தக் காலத்தில் கடல் எங்கே நின்றது என்று பாருங்கள். வழியெல்லாம் ஊர்ப்பெயரே சொல்லிக்கொண்டு நிற்கிறது. பெர்மாத்தாங் என்றால் பழைய கடற்கரை மணல் மேடு. செபராங் பிறையில் பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் திங்கி என்று எத்தனை! கம்பம் (கிராமம்) மேட்டில், வயல் பள்ளத்தில், அடுத்த மேட்டில் அடுத்த கம்பம். குவார் என்றாலும் மேடுதான். பெங்காலான், பாகான் என்றால் படகு ஒதுங்கும் துறை. சுங்கை மாத்தி என்றால் செத்த ஆறு, பழைய வளைவு. பழைய நிலவரைபடத்தில் இந்தப் பெயர்களுக்கு மட்டும் வண்ணம் அடித்தால் பழைய கரையும் வாய்க்காலும் பாதி எழுந்து நிற்கும். உங்கள் 6 ஹெக்டர் மேட்டிலா, பள்ளத்திலா, செத்த வாய்க்காலின் ஓரத்திலா என்பதைத் தெரிந்துகொண்டுதான் ஓட்டு எண்ணிக்கையைப் படிக்க வேண்டும்.

உரிமம் வந்தபின் ஆகர். இருவகை வைத்துக்கொள்ளுங்கள். மேலே 7 செ.மீ. எடல்மன் தலை (மண்ணைத் திருகி அள்ளும் முனை), நீர்மட்டத்துக்குக் கீழே அது குழம்பை அள்ளும், அங்கே 3 செ.மீ. அரைவட்டக் குழாய். ஒரு மீட்டர் நீட்டுக்கம்பி நான்கு. 20 மீ. இடைவெளியில் தொடங்கி, மாற்றம் தெரிகிற இடத்தில் 10 மீட்டராக நெருக்குங்கள்.

ஆகரில் ஓடு வரும் என்று காத்திருக்காதீர்கள். 7 செ.மீ. துளை ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தருவது 3.85 லிட்டர் மண். அரை மீட்டர் சதுரக் குழி அதே ஆழத்தில் 250 லிட்டர், 65 மடங்கு. ஆகர் அடுக்கைப் பார்க்க, குழி பொருளைப் பார்க்க. ஓடு வரவில்லை என்று ஆகரை வைத்து ஓர் இடத்தைத் தள்ளிவிடுவது பெரிய தப்பு.

குழாயில் வந்த மண்ணைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, உடனே நிறம் எழுதுங்கள். சாம்பல்நீலக் களிமண் காற்றுப்பட்டதும் பழுப்பாக மாறிவிடும். அழுகிய முட்டை நாற்றம், சாம்பல் நிறம், இரு மூடியும் ஒட்டியபடி மூடிக்கிடக்கும் கெராங் சிப்பி என்றால் அது இயற்கையான கடலடி. சிப்பி உடைந்து, கரித்தூளும் ஓடும் கலந்து வந்தால் மனிதன் கொட்டியது. ஆனால் கொட்டியது என்றாலே வணிகக் காலம் என்று ஆகிவிடாது. பக்கத்திலேயே குவார் கெப்பா இருக்கிறது, அங்குள்ள சிப்பி மேடுகள் புதிய கற்காலம். 2017-இல் மனித எலும்புக்கூடு வந்ததும் அங்கேதான்.

இன்னொன்று. இந்தச் சமவெளிக் களிமண்ணில் இரும்பு சல்பைடு உண்டு. பாரிட் வெட்டி நீர் வடிந்ததும் அது காற்றோடு சேர்ந்து அமிலமாகும். மண்ணில் வைக்கோல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அமில மதிப்பு 4-க்குக் கீழே போயிருக்கும். எலும்பு, சிப்பி, இரும்பு கரைந்துவிடும். புது பாரிட்டின் ஓரம் ஒவ்வொரு மாதமும் சான்றைத் தின்றுகொண்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள், அவசரம் புரியும். நீர்மட்டத்துக்கு அடியில் மரம் கெடாமல் இருக்கலாம். வெளியே வந்தால் காயவிடாமல் தண்ணீரோடு பையில் கட்ட வேண்டும்; ஒரு மதியம் வெயிலில் கிடந்தால் சுருங்கி வெடித்துவிடும்.

தென்கரைக்காரன்:

மிக்க நன்றி ஐயா, எல்லாருக்கும். கடிதம் போய்விட்டது. பச்சை ஓடு என்றால் சீனத்துச் சோங் காலம் என்று எடுத்துக்கொள்ளலாமா? மண்மேட்டை நம்பலாமா?

ஓட்டுச்சில்லு:

மண்மேட்டில் வரிசை தலைகீழ். கடைசியாக அள்ளிய அடிமண் மேலே இருக்கும். பாரிட்டை 5 மீ. துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டின் எதிரே எத்தனை என்று மட்டும் எழுதுங்கள், ஆழம் எழுதாதீர்கள். அந்த மண் அங்கேயே வெட்டியதுதானா என்றும் கேளுங்கள். தோட்டப் பாதைக்குக் கொட்டுகிற தானா மேரா (செம்மண்) லாரியில் வந்தது. அதோடு வேறோர் ஊர்ச் செங்கலும் ஓடும் வந்திருக்கும். பழைய லயம் (தொழிலாளர் வரிசைவீடு) இருந்த இடம் என்றால் சிமெண்டு ஒட்டிய செங்கல், துத்தநாகத் தகரம், பீர் போத்தல் கழுத்து எல்லாம் சேர்ந்தே கிடக்கும்.

பச்சை என்றதும் சோங் ஆகிவிடாது. உடைந்த விளிம்பைப் பாருங்கள், பூச்சை அல்ல. வெளிர்சாம்பல் உடல், கெட்டியான பூச்சு, பூச்சில்லாத கால்வளையம் சுட்டுச் சிவந்திருந்தால் சீனத்து லோங்சுவான் சூளைகள் பக்கம், பெங்காலான் பூஜாங் காலத்தோடு ஒத்துப்போகும். சாம்பல் உடலில் கரும்புள்ளிகள், அடியில், சூளையில் பாண்டத்தைத் தாங்கிய குழாய்த்தாங்கி பதிந்த கறுத்த வட்டத் தழும்பு என்றால் அது சியாமின் (தாய்லாந்து) சவன்கலோக் சூளைப் பாண்டம். நூறிருநூறு ஆண்டு பிந்தியது. மங்கல் மஞ்சள் பூச்சுக்கு அடியில் பழுப்பும் பச்சையும் தீட்டியிருந்தால் சீனத்துச் சாங்ஷா சூளை, 9-ஆம் நூற்றாண்டு. சுங்கை மாஸுக்கு உறவு. நகத்தால் கீறினால் பொடி உதிரும் வெளிர்மஞ்சள் உடலில் தடித்த நீலப்பச்சைப் பூச்சு என்றால் மேற்காசியப் பானை, அதுவும் பழசு. நீலப்பூ வெள்ளை ஓடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டுச் சமையற்கட்டுச் சாமான். அவற்றையும் எண்ணுங்கள், தனி நெடுவரிசையில்.

மணியைப் பத்து மடங்கு வில்லையில் பாருங்கள். கண்ணாடிக்குள் குமிழ்கள் துளையோடு ஒரே போக்கில் நீண்டிருந்தால் குழாயாக இழுத்து நறுக்கிய இந்தோ-பசிபிக் மணி. துளையைச் சுற்றி வளைந்திருந்தால் கம்பியில் சுற்றியது, வேறு வகை. உருகி ஒட்டிய மணிகள், நறுக்காத குழாய்த்துண்டு, கண்ணாடிக் கட்டி தென்பட்டால் தனியாகக் குறியுங்கள். அது விற்ற இடமல்ல, செய்த இடம் என்பதற்கான தடயம்.

மண்படிவம்:

மறுநடவின்போது இன்னொரு வாய்ப்பு. கனோடெர்மா பூஞ்சை பிடித்த மரங்களின் அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பார்கள், சுமார் 1.5 மீ. சதுரம், 1 மீ. ஆழம். உங்கள் கை மண்ணைத் தொடாமலே தோட்டம் முழுக்கச் சோதனைக்குழி போட்ட மாதிரி. அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை குழிகளை மூடாமல் வைக்கச் சொல்லுங்கள். குழிச்சுவரைச் சுரண்ட வேண்டாம். அளவுகோல் நிறுத்தி நான்கு பக்கமும் படம், அடுக்கு எத்தனை செ.மீட்டரில் மாறுகிறது என்ற குறிப்பு, நிரை-மர எண் மூன்றும் போதும். மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒரு நாள் மழையில் சுவர் சரிந்து எல்லாம் ஒரே நிறமாகும்.

தென்கரைக்காரன்:

உரிமம் வந்து அவர்களோடு சேர்ந்து சலிப்பதாக இருந்தால் எந்தச் சல்லடை? கடையில் இருப்பது 5 மி.மீ.

ஓட்டுச்சில்லு:

அதில் ஓடு தங்கும், மணி பெரும்பாலும் தங்காது. அந்த மணிகளில் பலவும் 2, 3 மி.மீ. தான். மேலே 4 மி.மீ., கீழே 1.5 மி.மீ., இரண்டு அடுக்கு. களிமண்ணை உலர்த்திச் சலிக்க முடியாது, கட்டி தட்டும். வாளியில் தண்ணீரும் ஒரு கைப்பிடி சமையல் சோடாவும் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சுங்கள். அழுத்தித் தேய்த்தால் மட்பாண்டம் கரையும். கீழ்ச்சல்லடையில் நின்றதை வெள்ளைத் துணியில் நிழலில் காயவைத்து, வெளிச்சத்தில் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு வாளி மண்ணுக்கு அரை மணி நேரம் ஆகும், ஆள் கணக்கை அதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.